காலால் வாசிக்கும் மஞ்சள் பாதை

வேலை நிமித்தமாக ஒசாகா போயிருந்தபோது நான் அதிகம் பார்த்தது தரையைத்தான். ரயில் நிலையப் படிக்கட்டு, நடைமேடை, தெருமுனை என்று எங்கும் மஞ்சள் ஓடுகள் வரிசையாக ஓடுகின்றன. பார்வையற்றவர்களுக்கான பாதை அது. நீள மேடுகள் இருந்தால் அப்படியே நடக்கலாம். குமிழ்கள் தட்டுப்பட்டால் நிற்க வேண்டும். எதிரே சாலையோ படியோ தண்டவாளமோ இருக்கிறது. அவ்வளவுதான் இலக்கணம். பாதமும் கைத்தடியும் அதை வாசித்துவிடும். மங்கலான பார்வை உள்ளவர்களுக்கும் அந்த மஞ்சள் எடுப்பாகத் தெரியும்.

ஒகாயாமா நகரைச் சேர்ந்த செய்ச்சி மியாகே 1965இல் சொந்தப் பணத்தைப் போட்டு உருவாக்கியது இது. 1967 மார்ச் 18 அன்று அவ்வூர்ப் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, சாலையைக் கடக்கும் இடத்தில் முதன்முதலாகப் பதித்தார்கள். இன்று சென்னை மெட்ரோ நிலையங்களிலும் இருக்கிறது.

ஒசாகாவில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வழியில் பாதாளச் சாக்கடை மூடி குறுக்கிட்டால், சில இடங்களில் அந்த மூடியின் மேலேயே அதே மேடுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். நடப்பவருக்கு ஓரடிகூட வழி அறுந்துவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.