சிங்கக்குட்டியும் வாடகைக் கணக்கும்

குழந்தைகளின் வீடியோ விளையாட்டுக்களை விமர்சனத்துக்குரிய பொருளாக நம்மவர் கொள்வதில்லை. நமது மாணவர்களோ அவற்றிடம்தான் நாள்தோறும் கதை கேட்கிறார்கள். கதை சொல்பவன் யாராயினும் அவனிடம் கணக்குக் கேட்பது விமர்சகன் கடமையன்றோ?

கிளிநொச்சியில் மாணவர் ஒருவர் வீட்டில் அண்மையில் நாம் கண்டது 'தி லயன் கிங்' விளையாட்டு. டிஸ்னி நிறுவனத்தின் சித்திரப் படம் 1994இல் வெளிவந்தது; அதே ஆண்டில் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் இதனை உருவாக்க, வர்ஜின் நிறுவனம் வெளியிட்டது. தாவியும் உருண்டும் பத்துக் கட்டங்களைக் கடக்க வேண்டும். குட்டியாக இருக்கும்வரை சிம்பாவுக்குத் தாவலும் உருளலும் சிறு கர்ச்சனையுமே துணை. வளர்ந்தபின்னரே நகம் ஆயுதமாகிறது. வளர்ச்சி என்பதைச் சொல்லாமல் விரல்களுக்கே உணர்த்தும் இந்த உத்தி உயர்ந்தது. சித்திரங்களின் அழகையும் நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். குரங்குகள் குட்டியைத் தூக்கி எறிகின்றன. எந்தக் குரங்கை நோக்கிக் கர்ச்சித்துத் திசை திருப்பினால் வழி திறக்கும் என்பது எளிதில் புலப்படுவதில்லை. தீக்கோழிச் சவாரியில் இமைப்பொழுது பிசகினாலும் உயிர் போயிற்று. முதற்கட்டத்தில் கொஞ்சி விளையாடிய குழந்தை இங்கே திகைத்து நிற்கிறது. இந்தக் கடுமை கலைத் தேவையால் வந்ததன்று. அக்காலத்தில் அமெரிக்கக் கடைகள் இவ்விளையாட்டுக்களைச் சில நாள் வாடகைக்கு விட்டன. வாடகை நாட்களுக்குள் முடித்துவிட்டால் விலைகொடுத்து வாங்குவார் யார்? ஆகவேதான் அக்கட்டம் கடினமாக்கப்பட்டதென்று வெஸ்ட்வுட்டின் நிறுவனர்களில் ஒருவரான லூயிஸ் காஸில் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 2019இல் மறுபதிப்பு வந்தபோது, பிசகினால் பின்னோக்கிச் சுழற்றிக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. அதற்குள் அந்த வாடகைக் கடைகளும் அநேகமாக மறைந்துவிட்டன.

நாம் கண்ட சிறுவனிடம் இருந்ததோ பழைய பதிப்பு. பத்தாவது தடவையும் தோற்று, "எனக்குத்தான் ஏலாது" என்றான். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் ஆசிரியர்களாகிய நாம் கேட்டுப் பழகிய அதே குரல்! எங்கோ ஒரு வியாபாரி போட்ட முடிச்சு, வன்னிச் சிறுவன் தன் விரலை நொந்துகொள்வதில் வந்து முடிகிறது.

தோல்வியைத் தனியொருவன் தலையில் சுமத்தும் இவ்விளையாட்டு, வெற்றியையும் அவ்வாறே ஒருவனுக்கு எழுதிக் கொடுக்கிறது. படம் அரச பரம்பரையைப் போற்றுவதுதான்; எனினும் அதன் இறுதிப் போரில் பெண்சிங்கங்கள் யாவும் போராடுகின்றன. கொடுங்கோலன் ஸ்காரின் உயிரை முடிப்பவை, அவன் காட்டிக்கொடுத்த கழுதைப்புலிகள். விளையாட்டிலோ அவனைப் பாறையிலிருந்து எறிந்துவிட்டால் கதை தீர்ந்தது. நாடுகடத்தலும் ஒரு கட்டம், நாடு திரும்பலும் ஒரு கட்டம். இரண்டும் ஒருவன் பாய்ச்சலில் அடக்கம்.

1996இலும் 2008இலும் ஊரோடு பெயர்ந்தது கிளிநொச்சி. 2009இன் இறுதியிலிருந்து மீண்டவர்கள் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு பற்றை வெட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், தூர்ந்த வாய்க்கால்களை அயலவரோடு சேர்ந்து திருத்தினார்கள். அச்சிறுவனின் அம்மம்மாவும் அவர்களில் ஒருவர். அவன் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "மற்றச் சிங்கங்களெல்லாம் எங்கையடா மோனை?"