ஏலமலையும் ஒரு பட அலமாரியும்

வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவரை நம்மவர்கள் படிப்பாளி என்கிறார்கள். வீடு நிறையச் சினிமாப் படம் வைத்திருப்பவரை வேலையற்றவர் என்கிறார்கள். இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மோசமான நாவல்களை நூறு அடுக்கி வைத்திருப்பவரைவிட நல்ல படங்கள் பத்தே பத்து வைத்திருப்பவர் மேல். எந்தப் பத்து என்பதில்தான் கஷ்டம். புத்தக விஷயத்திலாவது நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, சண்டை போட்டு, ஏதோ ஓர் அளவுகோல் ஏற்பட்டிருக்கிறது. படம் சேர்ப்பவருக்கு வழிகாட்டுவதெல்லாம் ஒரு நடிகர் மீதுள்ள பற்று, சில பாட்டுகள் மீதுள்ள ஆசை, கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடி, இவ்வளவுதான்.

கைப்பேசியைத் தட்டினால் எல்லாப் படமும் வருகிற நாளில் எதற்காகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாப் படமும் வருகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஒப்பந்தம் முடிந்ததும் நேற்று இருந்த படம் இன்று இல்லாமல் போவதை அவர்களும் பார்த்திருப்பார்கள். 1931-இல் வந்த தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதா’ஸுக்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. சத்யஜித் ரே 1955-இல் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’யின் மூலச் சுருள் 1993-இல் லண்டனில் ஒரு தீ விபத்தில் சிக்கிக் கருகிற்று. கருகியது போக மிஞ்சியதையும் வேறு இடங்களிலிருந்த பிரதிகளையும் ஒட்டிச் சேர்த்து 2015-இல்தான் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. பத்திரமான இடம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஆகவே படம் சேர்ப்பது வேலையற்ற வேலை அல்ல. எதைச் சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம் என்று யோசிக்காமல் சேர்ப்பதைத்தான் அப்படிச் சொல்லலாம்.

போடிநாயக்கனூரில் எனக்குப் பழக்கமான ஏலக்காய் வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவர் தகப்பனார் காலத்துக் கணக்குப் பேரேடுகள் இருந்த இரும்பு பீரோவில் பாதி இடத்தை இப்போது டி.வி.டி.க்களும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் சேர்ப்பதற்கு ஒரு கொள்கை உண்டு. போடி மலை எந்தப் படத்தில் தெரிந்தாலும் அது அவருக்கு வேண்டும். குரங்கணி, போடிமெட்டு, கொட்டகுடி ஆறு என்று காட்சி காட்சியாக இடம் சொல்வார்.

“அண்ணே, நம்ம மல தெரியிற படம் ஒண்ணு விடல. இதுல எது தேறும், எது தேறாதுன்னு நீங்கதான் சொல்லணும். இன்னும் என்ன வாங்கலாம்னும் சொல்லுங்க” என்றார்.

முதலில் என் கண்ணில் பட்டது ‘16 வயதினிலே’. “தம்பி, இது மைசூர், கொள்ளேகாலம் பக்கம் எடுத்த படமாச்சே?” என்றேன்.

“எடம் எங்கிட்டு இருந்தா என்னண்ணே, எடுத்தவரு நம்ம அல்லிநகரத்து ஆளுல்ல!”

பதில் எனக்குப் பிடித்திருந்தது. தம்முடைய கொள்கையைத் தாமே மீறுகிற இடத்தில்தான் மனிதருடைய ரசனை வெளிப்படுகிறது. படத்தில் ஒரு மலை தெரிவதால் மட்டும் அந்தப் படம் அந்த மலையைச் சேர்ந்ததாகிவிடாது. பாரதிராஜா 1977-இல் கர்நாடகத்து மண்ணில் நின்றுகொண்டு தேனிப் பக்கத்து மனிதர்களை எடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் தேனி மண்ணிலேயே வந்து நின்றுகொண்டு எந்த ஊரையும் சேராத மனிதர்களை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தரம் பார்ப்பதைப் பற்றி அந்த வியாபாரிக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏலக்காயைச் சல்லடையில் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிக்கிறார்கள். பச்சை நிறம் மங்காமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதோடு லிட்டர் எடை என்று ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் காயை நிரப்பி நிறுத்துப் பார்க்கிறார்கள். 400 கிராமைத் தாண்டினால் நல்ல சரக்கு. நிறமும் ஏமாற்றும், பருமனும் ஏமாற்றும். உள்ளே விதை முற்றியிருக்கிறதா, வெறும் தோல்தானா என்பதை எடைதான் சொல்லும். “படத்துக்கும் அதைப் பாருங்களேன்” என்றேன்.

அப்படிப் பார்த்தால் போடி மலைப் படங்களில் பெரும்பாலானவை பச்சை நிறத்திலேயே நின்றுவிடுகின்றன. 2010-இல் பிரபு சாலமன் எடுத்த ‘மைனா’ குரங்கணியை ஊரெல்லாம் அறியச் செய்தது. தீபாவளி நேரத்தில் வீட்டை விட்டு, தப்பிப்போன கைதியைத் தேடி மலையேறும் போலீஸ்காரர்களின் எரிச்சல் அதில் உண்மையாக இருக்கிறது. காதலர்களைவிட அவர்களைத்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த மலையில் ஜனங்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஓடுவதற்கும் ஒளிவதற்கும் அழகான இடம் அது, அவ்வளவுதான். 2011-இல் வந்த சுசீந்திரனின் ‘அழகர்சாமியின் குதிரை’ சிறிய படம். பாஸ்கர் சக்தியின் கதையிலிருந்து எடுத்தது. காணாமற்போன மரக்குதிரையும் உயிருள்ள குதிரையும் சேர்ந்து ஒரு கிராமத்தின் பக்தியைப் படுத்துகிற பாட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. அதைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

பாலாவின் ‘பரதேசி’ (2013) வேறு ஜாதி. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிற கதை. பி.எச். டேனியல் என்ற டாக்டர் வால்பாறைத் தோட்டங்களில் தாம் கண்டதை வைத்து இங்கிலீஷில் எழுதி, 1969-இல் வெளியான நாவல் அதற்கு அடிப்படை. ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்திருக்கிறது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடந்து போகும் அந்த நெடும் பயணத்தைப் பாலா மறக்க முடியாதபடி எடுத்திருக்கிறார். ஆனால் அடிக்கு மேல் அடியாக அவர் கொடுத்துக்கொண்டே போவதில், ஒரு கட்டத்துக்கு மேல் வலி மரத்துப்போகிறது. நாவலில் அப்படி இல்லை. தோட்டத்தில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழிகிறது என்பதை நாவல் பொறுமையாகச் சொல்கிறது. படத்தை வைத்திருப்பவர் பக்கத்திலேயே நாவலையும் வைக்க வேண்டும்.

பீரோவின் அடித்தட்டில், மற்றவற்றுக்குக் கீழே, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ கிடந்தது. 2018-இல் வந்த படம். லெனின் பாரதி இயக்கியது. விஜய் சேதுபதி தயாரித்தார், தாம் அதில் நடிக்காமல். தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, இளையராஜா சங்கீதம். என் அபிப்பிராயத்தில் அந்த பீரோவில் இருந்தவற்றில் லிட்டர் எடை கூடிய சரக்கு அதுதான்.

கதை என்று பார்த்தால் நாலு வரி. ரங்கசாமி நிலமில்லாத கூலி. மலைத் தோட்டத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமை தூக்குகிறவன். அவனுக்குக் கையகல நிலம் வேண்டும். முதல் பாதி முழுவதும் லெனின் பாரதி அவசரப்படவே இல்லை. அதிகாலையில் ஆட்கள் மலையேறுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், வழியில் ஒரு சாமிக்குக் கல்லெடுத்து வைக்கிறார்கள், ஊர் வம்பு பேசுகிறார்கள், மூட்டையை மாற்றிக்கொள்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்று பொறுமையற்றவர்கள் நினைக்கலாம். நடப்பது இதுதான்: மூட்டையின் கனம் மெல்ல மெல்லப் பார்க்கிறவனின் தோளுக்கு வந்து சேருகிறது. அதனால்தான், நிலம் வாங்கும் ஆசையோடு ரங்கசாமி சுமந்து வந்த ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும்போது நமக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது. சிதறியது என்ன விலை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அது எத்தனை நாள் நடை என்று நமக்குத் தெரியும்.

பின்பாதி இவ்வளவு நன்றாக இல்லை. சங்கம், கட்சி, துரோகம், கொலை, ஜெயில் என்று ஒரு தலைமுறை அரசியலை அரைமணியில் அடைத்திருக்கிறார். நடந்து வந்த படம் திடீரென்று பஸ் பிடித்துவிட்டது போலிருக்கிறது. ஆனாலும் முடிவில், கைவிட்டுப் போன தன் நிலத்தில் நட்ட காற்றாலைக்குத் தானே காவலாளியாக ரங்கசாமி உட்கார்ந்திருப்பதைக் காட்டி, காமிரா மேலே மேலே போகிறது. ஒப்பாரி இல்லை, பேச்சு இல்லை. நாவலாசிரியர்கள் பலருக்கு இந்த அடக்கம் கைகூடுவதில்லை.

இதை ஏன் அடியில் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, பாட்டுக்கள் குறைவு என்றுதான் அவர் முதலில் சொன்னார். சற்றுப் பொறுத்து, “ரெண்டாந்தரம் பாக்க முடியலண்ணே. எங்கப்பாருக்கும் சரக்கு இப்பிடித்தான் தலச்சுமையா எறங்குச்சு. பேரேட்டுல அந்த ஆளுக பேரெல்லாம் இருக்கு. ஒருத்தர் மொகமும் எனக்குத் தெரியாது” என்றார்.

ஒரு படத்தைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை. அதை அவர் குறையாகச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

சேமிப்பை விஸ்தரிப்பது எப்படி என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உலகின் சிறந்த நூறு படங்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். அதை ஒன்றாம் எண்ணிலிருந்து வாங்க ஆரம்பிப்பவர் ஏழாவதில் தூங்கிவிடுகிறார். நம்மிடமுள்ள ஒரு நல்ல படத்தைப் பிடித்துக்கொண்டு, அதே விஷயத்தை வேறு ஊரில் வேறொருவர் எப்படிப் பார்த்திருக்கிறார் என்று போவதுதான் சரியான வழி. ரங்கசாமியின் மூட்டை நேராக ஜப்பானுக்கு வழிகாட்டுகிறது.

கனேடோ ஷிண்டோ 1960-இல் எடுத்த படம் ஒன்று உண்டு. ‘நிர்வாணத் தீவு’ என்று தமிழில் சொல்லலாம். சின்னஞ்சிறு தீவு, தண்ணீர் கிடையாது. புருஷனும் மனைவியும் தினமும் படகில் அக்கரை போய், குடங்களில் தண்ணீர் மொண்டு, காவடி கட்டி மேட்டில் ஏறிச் செடிகளுக்கு ஊற்றுகிறார்கள். படம் முழுவதும் அநேகமாகப் பேச்சே இல்லை. ஒரு நாள் அவள் கால் இடறிக் குடம் கவிழ்ந்துவிடுகிறது. அவன் ஓர் அறை கொடுக்கிறான். சமாதானம் இல்லை, இருவரும் வேலையைத் தொடர்கிறார்கள். பிற்பாடு அவர்களுடைய பிள்ளை இறந்துபோகிறான். அடக்கம் முடிந்து மறுபடி தண்ணீர் ஊற்ற வந்தவள், குடத்தை வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டுச் செடிகளைப் பிடுங்கி எறிந்து மண்ணில் விழுந்து அழுகிறாள். அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இந்தத் தடவை கை ஓங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறான். சற்று நேரத்தில் அவளும் எழுந்து வருகிறாள். முதலில் விழுந்த அறை இல்லாவிட்டால், பின்னால் விழாத அறைக்கு அர்த்தம் கிடையாது. சிறுகதை எழுதுகிறவர்கள் அனைவரும் இதைப் பார்க்க வேண்டும். 1961-இல் மாஸ்கோ விழாவில் பெரிய பரிசுகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது. பாஷை தெரியாதே என்ற சாக்கும் இந்தப் படத்துக்குச் செல்லாது.

அத்தனை தூரம் போவானேன் என்றால், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் நம்மவர்கள் பார்ப்பதில்லை. தினமும் ஜீப்பில் ஆட்கள் இடுக்கித் தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள், சரக்கு வருகிறது, ஏலம் போகிறது. ஆனால் அந்த பீரோவில் ஒரு மலையாளப் படம் இல்லை! 2016-இல் திலீஷ் போத்தன் எடுத்த ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ இடுக்கியில் ஒரு சின்ன ஊர்ப் போட்டோக்காரனைப் பற்றியது. சந்தையில் அடிபட்டு அவமானப்பட்டவன், திருப்பி அடிக்கும்வரை காலில் செருப்பு போடுவதில்லை என்று சபதம் செய்கிறான். அவன் ஓடையில் செருப்பைத் தேய்த்துக் கழுவுவதில்தான் படமே ஆரம்பிக்கிறது. நமக்குக் கூலி தரும் இடம் அவர்களுக்குக் கடையும் கல்யாணமும் வம்புமாக ஒரு முழு ஊர். 2018-இல் தமிழில் ‘நிமிர்’ என்று வந்தபோது கதை வந்தது, ஊர் வரவில்லை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ இன்னும் விசேஷம். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் ஒரு மலையாளி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, தமிழ்க் கிராமத்து வீடொன்றில் நுழைந்து சுந்தரமாகவே ஆகிவிடுகிறான். மம்மூட்டி நடிக்கிறார். ஊர்த் தெருவில் விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பது பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும். நம்முடைய பழைய படங்களை இவ்வளவு பிரியமாகக் கேட்ட காது ஒரு மலையாளியுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

வீட்டு அம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஏண்ணே, பகலெல்லாம் கஷ்டத்தப் பாத்துட்டு ராத்திரியும் அதையே போட்டுப் பாக்கணுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் எதையும் எறியச் சொல்லவில்லை. ‘மைனா’வும் இருக்கட்டும், பாட்டுப் படங்களும் இருக்கட்டும். காயில் சிறு ரகத்துக்கும் உபயோகம் உண்டு. முதல் ரகம் என்று சீட்டு ஒட்டாதவரையில் சரி.

ஆனால் அந்த அம்மாள் கேள்வி எனக்கு இன்னொன்றை நினைவுபடுத்திற்று. காய் பறிப்பதும், கிட்டங்கியில் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறவர்களும் அவர்களே. அவர்களை நடுவில் வைத்து ஒரு முழுப் படம் என் கண்ணில் படவில்லை. ஷிண்டோவின் படத்தில் குடம் சுமப்பவளைப் பார்க்கிறபோது இந்தக் குறை உறைக்கிறது.

கடைசியில் அவருக்கு நான் சொன்ன யோசனை சாதாரணமானது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை மேல்தட்டில், பேரேடுகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜப்பானியப் படத்தையும் மலையாளப் படங்கள் இரண்டையும் அதற்கு அடுத்தபடி வாங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் இரண்டும் ஒரே பீரோவில் இருக்கக் கூடாது. ஒன்று போடியில் இருக்கட்டும், மற்றொன்று மதுரையில் மகள் வீட்டுக்குப் போகட்டும். 2023 ஜூனிலிருந்துதான் போடிக்கு மறுபடி ரயில் வருகிறதே, அடுத்த தடவை போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம்.