திசைச்சொல், தெரிதா, அம்மாவின் எண்கள்

'பண்பாட்டுக் கலப்பு' என்ற சொல் நம் கருத்தரங்குகளில் கொண்டாட்டமாக ஒலிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் வளரும் பிள்ளை ஏதோ இரட்டைச் சொத்துக்கு வாரிசு என்பது போலப் பேசுகிறார்கள். இரண்டில் எதன் கையில் அதிகாரம் இருந்தது, எது மற்றதை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது என்று யாரும் கேட்பதில்லை. ழாக் தெரிதா 1996இல் வெளியிட்ட, 'மற்றமையின் ஒருமொழியம்' என்று தமிழில் சொல்லத்தக்க சிறு நூலை அண்மையில் திரும்பப் படித்தபோது இந்தச் சங்கடத்துக்கு ஒரு வடிவம் கிடைத்தது. கூடவே ஒரு குற்றவுணர்வும்.

தெரிதாவைக் கட்டவிழ்ப்பின் தத்துவவாதியாக மட்டும் இறக்குமதி செய்துகொண்டவர்கள் நாம். அல்ஜியர்ஸை ஒட்டிய எல் பியாரில் 1930இல் பிறந்த யூதப் பையன் என்கிற விஷயத்தை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டோம். 1870இல் ஓர் ஆணை அல்ஜீரிய யூதர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தந்தது. பெரும்பான்மை முஸ்லிம்களுக்கு அதில் இடமில்லை. 1940இல் விஷி அரசு அதைப் பறித்தது. 1943இல் திரும்பக் கிடைத்தது. நடுவில், 1942இல், யூதன் என்பதற்காகப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டான் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன். பிரெஞ்சைத் தவிர அவனுக்கு வேறு மொழி கிடையாது. ஊரெல்லாம் பேசிய அரபோ பள்ளியில் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளும் அந்நிய மொழி. தன்னிடமுள்ள ஒரே மொழியும் தன்னுடையதென்று உரிமை கொண்டாட முடியாத நிலை.

இந்நூலில் அவர் மொரோக்கோ எழுத்தாளர் அப்தெல்கெபிர் கத்தீபியோடு பேசுகிறார். கத்தீபிக்கு அரபு என்று ஒரு தாய்மொழி இருந்தது, பிரெஞ்சு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. தெரிதாவுக்கு அப்படியான முதல் மொழியே இல்லை. பிரெஞ்சு என்றும் மக்ரெப் என்றும் எழுதி நடுவில் ஓர் இடைக்கோட்டைப் போட்டுவிட்டால் காயம் ஆறிவிடாது என்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு.

எங்கள் வீட்டில் அந்த இடைக்கோடு, தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே ஓடிய கப்பல். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பதே முக்கால் லட்சம் பேரைக் கணக்குப் பார்த்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.) அம்மா இந்தக் கணக்கில் இந்தியப் பங்கு. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். 1981இல் அங்குள்ள தோட்டங்கள் தாக்கப்பட்டதற்கு மறுவருஷம், பதினேழு வயதில், ஃபேமிலி கார்டும் டிரங்குப் பெட்டியுமாகக் கப்பலேறினாள். மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர். அரசாங்கத்தின் சொல்லில் அவள் 'தாயகம் திரும்பியோர்'. அதற்குமுன் ஒருமுறைகூடப் பார்த்திராத நாட்டுக்கு ஒருத்தி எப்படிங்க திரும்ப முடியும்? கூடலூரில் 1989இல் பிறந்த என்னையும் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில் பூர்வீக ஊர் எது, திரும்பியதற்குச் சான்று எது என்றுதான் கேட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் 'சிலோன்காரங்க'. மிளகாயைக் கொச்சிக்காய் என்றால், பிரெட்டைப் பாண் என்றால், டீயைத் தேத்தண்ணி என்றால் வகுப்பே சிரிக்கும். பக்கத்து பெஞ்சில் மலையாளம் பேசும் பையன்கள் இருந்தார்கள், அவர்கள் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை. அது வேறு மொழி. எங்களுடையது 'தப்பான தமிழ்'. வேற்று மொழிக்குக் கிடைக்கிற மரியாதைகூட வேறுவிதமான தமிழுக்குக் கிடைக்காது. எதை யார் முன்னால் சொல்லக்கூடாது என்பதை ஏழு வயதுக்குள் தெரிந்துகொண்டேன். என் தன்னிலை என்று ஏதாவது உருவாகியிருந்தால் இந்தப் பட்டியலிலிருந்துதான் உருவானது.

எம்.ஏ.வில் சொல்லதிகாரம் நடந்தபோது திசைச்சொல் வந்தது. நன்னூல் உரைகாரர்கள் காட்டும் நிலப் பட்டியலில் சிங்களமும் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: திசை என்று ஒன்று இருக்க வேண்டுமானால் நடுவில் நின்று பார்க்க ஒருவன் வேண்டும். செந்தமிழ் நிலத்துக்கு எல்லை போட்டவனுக்குத்தான் மற்றதெல்லாம் திசை. இரத்தினபுரியிலிருந்து பார்த்தால் மதுரைச் சொல்தானே திசைச்சொல்? (பெரும்பாணாற்றுப்படை நடத்தும்போதெல்லாம் எனக்கு ரொட்டிதான் நினைவுக்கு வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

தெரிதாவின் நூலில் என்னை அதிகம் தொந்தரவு செய்த பகுதி, அவர் தன் தூய்மைவாதத்தை ஒப்புக்கொள்ளும் இடம். பிறந்த மண்ணின் உச்சரிப்பு தன் எழுத்தில் தெரிந்துவிடக்கூடாது என்ற பிடிவாதம், தூய பிரெஞ்சின் மீது தீராத ஆசை. மையங்களை எல்லாம் கட்டவிழ்த்தவர் வெட்கத்தோடு சொல்கிறார் இதை. நானும் சொல்ல வேண்டும். எம்.ஏ. முடித்து வீடு வந்த கோடையில் அம்மாவின் ஒவ்வொரு சொல்லையும் திருத்தினேன். பள்ளிக்கூடம் பத்து வருஷத்தில் செய்யாததை இரண்டு மாதத்தில் செய்து முடித்தேன். "சரி தம்பி, நீ படிச்சவன்" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பணம் எண்ணும்போது தமிழ் வராது. எக்க, தெக்க, துன, ஹதர என்று உதட்டுக்குள் ஓடும். சின்ன வயதில் என்னைத் தூங்கவைத்ததும் அந்த எண்கள்தான். தீ வைக்க வந்தவர்கள் சிங்களத்தில் கத்தினார்கள். கொஞ்ச நேரம் முன்னால் கதவைத் தட்டி, ஓடிப்போங்கள் என்று எச்சரித்த பக்கத்துக் கிராமத்துப் பெண்ணும் சிங்களத்தில்தான் சொன்னாள். அம்மாவின் காதில் இரண்டும் ஒரே மொழி. 2009இல் கல்லூரி மாணவனாக ஈழ ஆதரவுக் கூட்டங்களில் கோஷம் போட்டவன் நான். அந்தக் கோஷத்தை இன்றும் தப்பென்று நினைக்கவில்லை. ஆனால் எங்க அம்மா சிங்களத்தில் எண்ணுவாள் என்று அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்க முடிந்ததா? நீ யார் பக்கம் என்று கேட்டிருப்பார்கள். நான் படித்தவரையில் தாயகம் திரும்பியோர் பற்றிய நம் கதைகளிலும் இது இல்லை. கப்பல் துறையில் அழுகை உண்டு, முகாமின் அவலம் உண்டு. எதிரியின் மொழி தாலாட்டாகவும் இருந்தது என்பதை எழுத நம் அடையாள அரசியல் இடம் கொடுக்கவில்லை.

தெரிதாவோடும் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நூலின் போக்கில் அவர், எந்த மொழியும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாப் பண்பாடும் அடிப்படையில் ஒரு காலனியமே என்ற பொதுமைக்குப் போய்விடுகிறார். தத்துவமாக அது சரியாக இருக்கலாம். ஆனால் எல்லோரும் அகதி என்றால் கார்டு வைத்திருப்பவனும் கார்டு பறிக்கப்பட்டவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். 1943இல் தெரிதா மறுபடியும் பிரெஞ்சுக் குடிமகன் ஆனான். அவனைச் சுற்றி அரபு பேசிய பையனுக்கு அந்தத் தேதியில் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை, கொடுத்துப் பறிக்கவும் அவனிடம் எதுவும் இல்லை. அந்தப் பையன் நூலில் முகமில்லாமல் நிற்கிறான். கட்டவிழ்ப்பைத் தமிழில் செய்ய நினைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். மாதம் பிறந்தால் பென்ஷன் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுவாள். நான் அறைக்குள் இருந்தால் சத்தமாக, ஒன்னு, ரெண்டு, மூனு. வாசலைத் தாண்டிச் செருப்பை மாட்டும்போது உள்ளே குரல் தணிந்து, முதலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குவது கேட்கும்.