காசு கொடுக்காதவருக்கான வேலை

பிரிட்டன் அரசின் இணையதள வடிவமைப்புத் தொகுப்பில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. பக்கத்தை எவ்வளவு கீழே நகர்த்தினாலும் கண்ணை விட்டு மறையாமல் மேலேயே நிற்கும். அழுத்திய நொடியில் திரை வெளுத்து, பிபிசியின் வானிலைப் பக்கம் வந்துவிடும். பொத்தானைத் தேட நேரமில்லையென்றால் ஷிஃப்ட் விசையை மூன்று முறை தட்டினால் போதும். வீட்டில் அடிபடும் ஒரு பெண், கணவனுக்குத் தெரியாமல் உதவி தேடிக்கொண்டிருக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. அந்தக் கணத்துக்காகச் செய்த பொத்தான் இது. வானிலையை யாரும் எந்த நேரத்திலும் பார்ப்பார்கள், கேள்வி வராது. ஆனால் அவள் படித்த பக்கத்தின் சுவடு உலாவியின் வரலாற்றில் அப்படியே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது அந்தத் தொகுப்பு. இணைய வடிவமைப்பில் நான் கண்ட மிக அழகான பொருள் இதுதான்.

இது பெரிய அரசுக் குழுவின் வேலை. இதே கண்ணோடு உழைக்கிற சின்ன ஸ்டூடியோக்கள் உலகெங்கும் உண்டு. லண்டனில் வினீதா கிரீன்வுட்டும் டாம் கிரீன்வுட்டும் 2007-இல் தொடங்கிய ஹோல்கிரெய்ன் டிஜிட்டல் அவற்றில் பேர்பெற்றது. ஒரு பக்கம் திறக்கும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவியைச் செய்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் வைத்தவர்கள். நம் ஊரிலும் நாலைந்து பேர் சேர்ந்து, தொண்டு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் தளம் செய்து பிழைக்கிறார்கள். வருமானம் சொற்பம்; ஆண்டுப் பராமரிப்புத் தொகைதான் பல மாதங்களில் சம்பளம் போடும்.

இவர்கள் வேலையில் உள்ள தனிச்சிக்கலைப் புரிந்துகொண்டால்தான் ரசிக்க முடியும். ஓட்டல் தளம் சரியில்லையென்றால் அறை நிரம்பாது. முதலாளிக்கு அந்த மாதமே தெரிந்துவிடும். தொண்டு நிறுவனத்தில் காசு கொடுப்பவர் ஒருவர், பக்கத்துக்கு வருகிறவர் வேறொருவர். தேடி வந்த பெண் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போனால் யாருக்கும் தெரியாது. எந்தக் கணக்கிலும் அது நஷ்டமாக ஏறாது. அறங்காவலர்கள் கூடியிருக்கும் மேஜையில் அவளுக்கு நாற்காலி இல்லை. அங்கே அவளுக்காகப் பேச வேண்டியவர் வடிவமைப்பாளர்தான்.

மேஜையில் கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான்: சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றும் படம், நிறுவனர் படம், சிரிக்கும் குழந்தைகள், எல்லாம் முகப்பில் மாறிமாறி ஓட வேண்டும். காப்பகத்துக் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல ஸ்டூடியோ அதை எடுத்துச் சொல்லிவிட்டு, களிமண் பிசையும் கைகளையோ சுவரில் குழந்தை வரைந்த படத்தையோ கேட்டு வாங்கும். அதோடு விடாது. செல்பேசியில் எடுத்த புகைப்படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கக்கூடும். பெண்கள் காப்பகத்தின் முகவரியைப் பக்கத்தில் போடாமல் விட்டுவிட்டு, அங்கே எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் முகவரியைக் கொடுத்த மாதிரிதான். ஏற்றுவதற்கு முன் அந்தத் தகவலைத் துடைத்துவிடுவார்கள். முகப்பில் பெண்களுக்கான உதவி எண் 181 பெரிதாக, தொட்டவுடன் அழைப்புப் போகும்படி இருக்கும். இந்தத் துடைப்பைப் பார்வையாளர் யாரும் காணப்போவதில்லை. பெரிய கைவேலை என்று நான் மதிப்பது இதைத்தான்.

எழுத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பக்கத்தின் தரத்தை நான் முதலில் அளப்பது வரி இடைவெளியில். ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கத்தை அப்படியே தமிழுக்கும் விட்டால் மேல்வரியின் ‘கு’, ‘மூ’ கீழே இறக்கும் வளைவு, அடுத்த வரி ‘கீ’யின் சுழியிலும் மெய்யெழுத்தின் புள்ளியிலும் போய் முட்டும். தலைப்பைத் தடித்த எழுத்தில் போடும்போது இன்னொரு சோதனை. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றால் உலாவி தானே கோட்டைப் பருக்க வைக்கும். ‘ண’வின் சுழிகள் அடைபட்டு மைத்துளி போலாகிவிடும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் எழுத்துரு ஒன்பது தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மெல்லியதையும் தடித்ததையும் அடுத்தடுத்து வைத்து, சுழிக்குள் வெளிச்சம் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று பாருங்கள். கண் மங்கிய முதியவர் படிக்க வேண்டிய பக்கமென்றால் இதெல்லாம் அலங்காரமே இல்லை.

பக்கத்தின் எடையும், அதாவது அது இழுக்கும் தரவின் அளவும், அப்படித்தான். பார்சிலோனாவில் இயங்கும் லோ-டெக் மேகசின் என்ற இதழ் 2018-இல் சூரிய ஒளியில் மட்டும் ஓடும் தளம் ஒன்றைத் தொடங்கியது. படங்களைப் புள்ளிப்புள்ளியாகக் குறுக்கிப் போட்டார்கள். மின்கலத்தில் மிச்சம் எவ்வளவு என்பதைப் பின்னணி நிறத்தின் உயரமே காட்டும். வானம் நாள்கணக்கில் மூடியிருந்தால் தளமும் அணைந்துவிடலாம். அவ்வளவு தூரம் எல்லோரும் போக வேண்டியதில்லை. ஆனால் மலைக்கிராமத்தில் ஒரு கோடு சிக்னலில் பார்க்கிறவருக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

நான் நேரம் மறந்து ரசிப்பது நன்கொடைப் படிவத்தை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தேவகோட்டைக்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது உள்நாட்டு நன்கொடை. பக்கத்து வீட்டு உறவினர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. நிறுவனத்துக்கு அதை வாங்கத் தனி அனுமதி வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். ஆகவே ‘எந்த நாட்டில் இருக்கிறீர்கள்’ என்று கேட்கும் படிவம் தவறான கேள்வியைக் கேட்கிறது. தேர்ந்த கை செய்த படிவம், தொகையைக் கேட்பதற்கு முன்பே ‘எந்த நாட்டுக் குடிமகன்’ என்று கேட்டு, பதிலைப் பொறுத்து வழியைப் பிரித்துவிடும். வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி இல்லாத நிறுவனமென்றால் மரியாதையாக அங்கேயே சொல்லி நிறுத்திக்கொள்ளும். சட்டத்தின் ஒரு முழு அத்தியாயம் ஒற்றைக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. கொடுக்க வந்தவருக்கு அது தெரியவும் வேண்டாம்.

தளத்தை ஒப்படைக்கும் நாளில் அதன் டொமைன் ஸ்டூடியோ பெயரில் இருக்கிறதா, அறக்கட்டளை பெயரில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நல்லவர்கள் முதல் நாளே அறக்கட்டளை பெயரில் பதிந்திருப்பார்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல், அடுத்த வருடம் இருப்பாரோ மாட்டாரோ என்ற தன்னார்வலருக்குப் போகாமல் அலுவலகப் பொது முகவரிக்கு வரும். கடவுச்சொல்லை மாற்றுவது, முகாம் தேதியைத் திருத்துவது, பழைய படத்தை நீக்குவது எல்லாம் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, கணக்குப் பார்க்கும் அம்மாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும்.