ஸ்டில்களில் ஓடும் காலம்

எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். குதிரை ஓடி வரும்போது குறுக்கே கட்டியிருந்த நூல்கள் ஒவ்வொன்றாக இழுபட, ஷட்டர்களும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பாய்ச்சலின் நடுவே நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது அந்தப் படங்களில் ஐயமற்றுத் தெரிந்தது. அபாரமான வேலை. ஆனால் அங்கே காலம் சம இடைவெளியில் நறுக்கப்பட்டிருக்கிறது. கடந்துபோன ஒரு நாள் நம் மனதில் அப்படியா தங்குகிறது? ஒரு முகம் நெடுநேரம் நிற்கும், மதியம் முழுவதும் காணாமல் போயிருக்கும்.

மனதில் தங்குகிற அந்தக் காலத்தை ஸ்டில்களால் கட்டிக் காட்டியவர் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர். 1962-ஆம் ஆண்டின் ‘லா ஜெத்தே’ 28 நிமிடப் படம். கறுப்பு வெள்ளை ஸ்டில்கள், ஒரு வர்ணனைக் குரல், இசை, கொஞ்சம் ஓசைகள், அவ்வளவுதான். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட்டது. நிலத்தடியில் ஒளிந்து வாழ்பவர்கள் ஒரு கைதியைக் கடந்த காலத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். சிறுவயதில் ஓர்லி விமான நிலையத்தின் பார்வையாளர் மேடையில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை அவன் மறக்கவே இல்லை. அந்தப் பிடிவாதமான நினைவுக்காகவே அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு ஸ்டில் திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்தது சட்டென்று வெட்டி வருகிறதா கரைந்து வருகிறதா, அதன்மேல் என்ன ஒலி கேட்கிறது: மார்க்கர் காலத்தை இவற்றை வைத்தே உண்டாக்குகிறார். பரிசோதனைக் காட்சியைப் பாருங்கள். கைதியின் கண்களைப் பட்டையால் மூடிக் கிடத்தியிருக்கிறார்கள். இதயத் துடிப்பு கேட்கிறது. முகம் ஒரு ஸ்டில்லில் இறுகியிருக்கிறது, அடுத்ததில் கோணியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் அவன் பட்ட வலியை யாரும் படம் பிடிக்கவில்லை, நாம்தான் பார்க்கிறோம்.

கடந்த காலத்தில் அவனும் அந்தப் பெண்ணும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் திரியும் பகுதி எனக்கு மிகப் பிடித்தது. சுற்றிலும் பாடம் செய்த விலங்குகள். ஸ்டில்லில் செத்த மிருகமும் அசைவதில்லை, சிரிக்கும் பெண்ணும் அசைவதில்லை. அப்படியிருந்தும் ஒரு நொடிகூட நமக்குக் குழப்பம் வருவதில்லை. அவள் பார்வை திரும்பியிருக்கிறது, அவன் கை ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது. விலங்குகள் மட்டும் இருந்தபடியே இருக்கின்றன. உயிர் எது என்பதைக் கண் அந்த வித்தியாசத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

பிறகு அவள் தூங்கும் காட்சி. தலையணையில் முகம், தலை சற்றே சாய்ந்த முகம், மறுபக்கம் திரும்பிய முகம். ஒவ்வொன்றும் அடுத்ததற்குள் கரைகிறது. பறவைகளின் ஒலி கூடிக்கொண்டே போகிறது. படங்கள் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கி வர, எது எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும் கட்டத்தில் அவள் நிஜமாகவே கண் திறக்கிறாள், நம்மைப் பார்த்து இமைக்கிறாள். சில நொடிகள்தான். முழுப் படத்திலும் அசையும் ஷாட் இது ஒன்றே. உடனே பரிசோதகரின் முகத்துக்கு வெட்டிவிடுகிறார் மார்க்கர். இதை வெறும் வித்தை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன் கரைந்த அத்தனை முகங்களும் அந்த இமைப்பை நோக்கியே நகர்ந்திருக்கின்றன. ஒலியை அணைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தால் பறவைகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதும் விளங்கும்.

கடைசியில் அவன் ஓர்லியின் அந்த மேடையில் ஓடுகிறான். இப்போது கரைவதெல்லாம் இல்லை, வெட்டு மேல் வெட்டு. எட்டி வைத்த கால், வீசிய கை, தூரத்தில் அவள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஓட்டத்தை மார்க்கர் தரவே இல்லை. அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

இந்தக் கதையிலிருந்து பிறந்தது டெர்ரி கில்லியமின் ‘ட்வெல்வ் மங்கீஸ்’, 1995. நல்ல படம். அதிலும் விமான நிலையத்தில் ஓர் ஓட்டம் வருகிறது, ஸ்லோ மோஷனில், ஒவ்வோர் அசைவும் தெளிவாக. ஆனாலும் என் கண்ணுக்கு மார்க்கரின் ஸ்டில்களில் இருப்பவன்தான் வேகமாக ஓடுகிறான்.