கணிப்பொறி ஆராய்ச்சியின் அளவைகள்

தத்துவ விசாரத்தில் இறங்கிய நம் முன்னோர், பொருளைப் பற்றிப் பேசுமுன் அதனை அறியும் கருவியாகிய அளவை எது என்பதை நிச்சயித்துக் கொள்வதை ஒரு மரபாகவே போற்றி வந்தனர். வஞ்சி மாநகரில் சமயக் கணக்கரை நாடிச் சென்ற மணிமேகலைக்கு, முதலில் எதிர்ப்பட்ட அளவைவாதி பிரமாணங்கள் பத்து என எண்ணிக் காட்டினான். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள், பௌத்த தருக்கத்தின்படி பிரத்தியட்சம், கருத்து (அநுமானம்) என்னும் இரண்டே போதுமெனச் சுருக்கியுரைத்தார். எத்தனை அளவை என்பதில் இவர்களுக்குள் வேற்றுமை இருந்ததேயன்றி, அளவையை முன்னிறுத்தாமல் வாதம் நடத்தலாகாது என்பதில் வேற்றுமை இருக்கவில்லை.

கணிப்பொறியியலில் பட்ட மேற்படிப்பை மேற்கொண்டு ஆராய்ச்சியில் புகும் மாணாக்கருக்கு இம்முறைமை இன்று பெரிதும் வேண்டப்படுகிறது என்பது என் திடமான எண்ணம். 2009 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிமுறைகளால், எம்.ஃபில்., பிஎச்.டி. பட்டங்களுக்குச் சேருவோர் ஒரு பருவமேனும் பாடங்கள் பயிலவேண்டும் என்றும், அவற்றுள் ஆராய்ச்சி முறையியல் ஒன்றாக இருக்கவேண்டும் என்றும் ஏற்பட்டது. ஏற்பாடு நல்லதே. ஆனால் அப்பாடத்திற்கு எளிதில் கிடைக்கும் நூல்கள் பெரும்பாலும் சமூக சாஸ்திரங்களையும் வாணிபத் துறையையும் மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை ஆகலின், வினாப்பட்டியல் தயாரிக்கவும் மாதிரி எடுக்கவும் கைவர்க்கச் சோதனை போடவும் கற்றுக்கொண்ட மாணாக்கன், தான் எழுதப்போகும் கம்பைலரைப் பற்றியோ அல்காரிதத்தைப் பற்றியோ ஒரு வாக்கியம் மெய்யென்று எவ்வாறு நிலைநாட்டப்படும் என்பதை அறியாமலே தேர்வெழுதி வெளிவந்து விடுகிறான். இத்துறையில் ஒவ்வொரு கூற்றுக்கும் அதற்குரிய அளவை வேறு. அதனைக் கண்டறிவதே முறையியலின் தலையாய பயன்.

ஏ.சி.எம். என்னும் கணிப்பொறியாளர் சங்கம் பீட்டர் டென்னிங்கின் தலைமையில் அமைத்த குழு 1989 இல் வெளியிட்ட அறிக்கை, இத்துறையில் மூன்று நெறிகள் பின்னிக் கிடக்கின்றன என்று தெளிவுபடுத்தியது: கணிதத்திலிருந்து வந்த கோட்பாட்டு நெறி, இயற்கை விஞ்ஞானத்திலிருந்து வந்த பரிசோதனை நெறி, பொறியியலிலிருந்து வந்த ஆக்க நெறி. ஒரே துறையின் ஒரே கூடத்தில், அடுத்தடுத்த அறைகளில் அமர்ந்திருக்கும் மூன்று ஆசிரியர்கள் மூன்று வெவ்வேறு சான்றுகளை மெய்யெனக் கொள்வது ஏன் என்பது இதனால் விளங்கும்.

கோட்பாட்டு நெறி, யந்திரம் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1936 இல் பிரின்ஸ்டனில் அலான்சோ சர்ச்சும் கேம்பிரிட்ஜில் ஆலன் டூரிங்கும், எந்த வழிமுறையாலும் தீர்க்கவொண்ணாத கணக்குகள் உண்டென்று தனித்தனியே நிறுவினர். 1971 இல் ஸ்டீபன் குக் ஒரு கணக்கைக் கொண்டு தொடங்கிய, கணக்கின் கடினத்தை நிறுவும் முறையை, மறு ஆண்டே ரிச்சர்ட் கார்ப் 21 கணக்குகளுக்கு விரித்துக் காட்டினார். இந்நெறியில் அநுபவம் சான்றாகாது. ஆயிரம் பேர் முயன்று தோற்றார்கள் என்பதனால் ஒரு கணக்குக் கடினமானதாகி விடாது. கடினமென முன்பே அறியப்பட்ட ஒரு கணக்கைத் தன் கணக்கின் உருவத்துக்கு மாற்றிக் காட்டினால்தான், தன்னுடையதும் அத்தகையதே என்று சொல்ல உரிமை உண்டாகும். இந்த மாற்றத்தின் திசையைத் தலைகீழாக்கி, தன் கணக்கைக் கடினமான கணக்காக மாற்றிக்காட்டி மகிழ்வது முதலாண்டு மாணாக்கரிடம் அடிக்கடி காணப்படும் பிழை.

நிரூபணம் ஒருவன் தனியே எழுதி முடிக்கும் காரியமன்று என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உயர்ந்த உதாரணம் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும், ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயத்திற்கிடமின்றியும் முடிவுசெய்யும் வழியை 2002 ஆகஸ்டில் வெளியிட்டனர். உலகெங்குமுள்ள கணித வல்லுநர் அதனை வரிவரியாகச் சோதித்தனர். சிலர் நிரூபணத்தை எளிமையாக்கவும் வழிகூறினர். அத்திருத்தங்களையும் ஏற்று 2004 இல் அது கணிதத் துறையின் முதன்மையான சஞ்சிகையில் அச்சேறியது. ஹோர் 1969 இல் புரோகிராம்களுக்கே முதற்கோள்களை வகுத்து, புரோகிராம்களின் சரித்தன்மையைத் தருக்கத்தால் நிறுவலாம் என்று காட்டியதும், டெய்க்ஸ்ட்ரா அதனையே ஒரு வாழ்க்கை ஒழுக்கம்போல் கடைப்பிடித்ததும் இந்நெறியின் பெருமைகள். எனினும் டி மிலோ, லிப்டன், பெர்லிஸ் மூவரும் 1979 இல் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் வலிமை குன்றாதது: கணித நிரூபணத்தை நாம் நம்புவது, பலர் அதைப் படித்து, விவாதித்து, வேறிடத்தில் பயன்படுத்திப் பார்ப்பதனால், ஒருவரும் படிக்க விரும்பாத நீண்ட யந்திர நிரூபணத்துக்கு அந்தப் பேறு ஏது என்று அவர்கள் கேட்டார்கள்.

ஆக்க நெறியின் தாயகமாக நான் கேம்பிரிட்ஜைச் சொல்வேன். மாரிஸ் வில்க்ஸின் குழுவினர் கட்டிய எட்சாக் யந்திரம் 1949 மே மாதத்தில் முதன்முதல் இயங்கியது. அதில் உழைத்த டேவிட் வீலர் 1951 இல் பெற்ற டாக்டர் பட்டமே கணிப்பொறியியலின் முதற் பட்டம் எனப் பலராலும் கருதப்படுகிறது. பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் தாம்ப்ஸனும் ரிட்சியும் யூனிக்ஸை ஆக்கி 1974 இல் அதுபற்றி எழுதிய கட்டுரை இந்நெறியினருக்கு ஓர் ஆதர்சம். கட்டப்பட்டது, பிறர் அதைத் தம் அன்றாட வேலைக்குப் பயன்படுத்துகின்றனர் என்பதே இங்கே பிரதம சான்று. ஆனால் கட்டியதனாலேயே ஆராய்ச்சி ஆகிவிடாது. 1983 இல் லெவின், ரெடெல் என்னும் இருவர், இயக்க அமைப்புகள் பற்றிய மாநாட்டிற்கு வந்த கட்டுரைகளைப் பரிசீலித்த அநுபவத்தைக் கொண்டு, இதில் புதிய கருத்து எது, இது உண்மையில் கட்டப்பட்டதா அன்றிக் கட்டப்படப் போவதா, கட்டியதனால் கற்றது என்ன, வேறு வழிகளை விடுத்து இவ்வழியைத் தேர்ந்ததன் காரணம் யாது என்ற வினாக்களை அடுக்கி வைத்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளிற் பல, இவற்றுள் மூன்றாம் வினாவுக்கு வந்தவுடன் மௌனமாகி விடுகின்றன.

பரிசோதனை நெறியில் சற்று அதிகமாகத் தங்க வேண்டும். இன்றைய மாணாக்கரிற் பெரும்பாலோர் செல்வது அவ்வழியே. ஆலன் நியூவெலும் ஹெர்பர்ட் சைமனும் 1975 ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்று ஆற்றிய உரையில், கணிப்பொறியியல் ஓர் அநுபவ விஞ்ஞானமே என்றும், புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு யந்திரமும் இயற்கையிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியே என்றும் வாதித்தார்கள். கோட்பாட்டாளர் வரிசையில் முன்னிற்கும் டொனால்ட் நூத்தே, மக்கள் உண்மையில் எழுதும் போர்ட்ரான் புரோகிராம்களைத் தொகுத்து ஆராய்ந்து 1971 இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு புரோகிராமின் நான்கு சதவீதத்துக்கும் குறைந்த பகுதியே ஓட்ட நேரத்தின் பாதிக்கு மேற்பட்டதை எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். எண்ணிப் பார்க்காமல் எவரும் ஊகித்திருக்க முடியாத உண்மை அது.

அளவுகோலை வேலைக்கு முன்பே நாட்டிக்கொள்வது இந்நெறியின் முதல் ஒழுக்கம். 1971 இல் நியூவெலைத் தலைவராகக் கொண்ட ஒரு குழு, பேச்சை உணரும் யந்திரம் ஐந்தாண்டில் எட்டவேண்டிய இலக்கைத் தெளிவாக வரையறுத்தது: ஆயிரம் சொற்கள், பத்து சதவீதத்துக்குட்பட்ட பிழை. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, ஸ்டான்போர்டில் டாக்டர் பட்டம் பெற்று, கார்னகி மெலனில் பேராசிரியராக விளங்கிய ராஜ் ரெட்டியின் குழுவில் உருவான ஹார்ப்பி என்னும் அமைப்பு 1,011 சொற்களுடன் 1976 இல் அவ்விலக்கை எட்டியது. அதில் அநுமதிக்கப்பட்ட வாக்கியங்களின் இலக்கணம் குறுகியது என்று பின்னர்க் குறை கூறப்பட்டது உண்மையே. ஆயினும் இலக்கு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததனால்தான் அந்தக் குறையையும் துல்லியமாகச் சுட்ட முடிந்தது.

இத்தகைய ஒழுக்கம் துறை முழுவதும் பரவியிருந்ததா எனின், இல்லை. கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்து வால்ட்டர் டிஹியும் அவருடைய சகாக்களும் 1995 இல் 400 கட்டுரைகளை எடுத்துச் சோதித்தபோது, பரிசோதனையால் மெய்ப்பிக்க வேண்டிய கட்டுரைகளுள் ஏறக்குறைய 40 சதவீதத்தில் பரிசோதனையே இல்லை என்பது தெரிந்தது. பரிசோதனை செய்தவர்களும் நிம்மதியாக இருக்க இயலாதென்பதை 2009 இல் மிட்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி நால்வரும் எழுதிய கட்டுரை காட்டியது. இதனைப் பட்ட மேற்படிப்பு மாணாக்கர் ஒவ்வொருவரும் படித்தே தீரவேண்டும் என்பேன். கம்பைலர் ஒரு புரோகிராமை எவ்வளவு விரைவாக்குகிறது என்று அளக்கும்போது, அப்புரோகிராமோடு யாதொரு தொடர்பும் இல்லாத சூழல் மாறிகளின் மொத்த நீளமும், கோப்புகள் எந்த வரிசையில் இணைக்கப்படுகின்றன என்பதும் நேரத்தை மாற்றிவிடுகின்றன. சூழல் மாறிகள் நீண்டால், நினைவகத்தில் அடுக்கு தொடங்கும் இடம் நகர்கிறது. அதனால் தரவு அமரும் இடமும் நகர்கிறது. ஒரே முன்னேற்றம் ஓர் அமைப்பில் நன்மையாகவும் மற்றோர் அமைப்பில் தீமையாகவும் தோன்றலாம். ஆராய்ச்சியாளர் எவ்விதக் கபடமும் இன்றி, கண்ணுக்குத் தெரிந்த பிழை ஒன்றும் செய்யாமல், பொய்யான முடிவை அடையக்கூடும். நான்கு முதன்மையான மாநாடுகளின் 133 கட்டுரைகளை அவர்கள் புரட்டிப் பார்த்ததில், இந்த ஆபத்தை முறையாகக் கவனித்தது ஒன்றுமில்லை. பரிகாரமாக அவர்கள் சொன்னது, அமைப்பையே பலவாறு மாற்றி மாற்றி அளந்து, வந்த எண்களின் பரவலைக் கூறுவது. ஒரே ஓட்டத்தின் ஒரே எண்ணைப் பட்டியலில் எழுதி, மூன்று சதவீத முன்னேற்றம் என்று அறிவிக்கும் ஆய்வேட்டுக்கு இதைப் படித்த தேர்வாளர் என்ன மதிப்பளிப்பார்!

இயந்திரக் கற்றலில் வேறொரு கவலை. எல்லோரும் பல்லாண்டுகள் ஒரே சோதனைத் தொகுதியைக் கொண்டு தம் திறத்தை அளந்தால், கற்றது பாடத்தையா அல்லது அந்த வினாத்தாளையா என்ற ஐயம் எழுவது இயல்பு. இமேஜ்நெட் என்னும் படத்தொகுதிக்கு, அதே முறைப்படி புதிய சோதனைப் படங்களைத் திரட்டி பெஞ்சமின் ரெக்ட் முதலியோர் 2019 இல் ஆராய்ந்தபோது, பழைய அமைப்புகளின் துல்லியம் 11 முதல் 14 சதவீதம் வரை வீழ்ந்தது. ஆனால் அவற்றின் முன்பின் வரிசை பெரும்பாலும் குலையவில்லை. ஆதலால், ஒரே தொகுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதே வீழ்ச்சிக்குக் காரணம் என்ற எதிர்பார்ப்புப் பொருந்தவில்லை. ஐயத்தை ஐயமாகவே பேசிக்கொண்டிராமல் சோதனைக்கு உட்படுத்திய இந்தச் செயல் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

மென்பொருள் எழுதும் மனிதரையும் அதைப் பயன்படுத்தும் மனிதரையும் ஆராய்வோருக்கு வினாப்பட்டியலும் மாதிரியும் புள்ளியியலும் உரியனவே. முன்னோர் ஆய்வுகளை ஒழுங்குறத் தொகுக்கும் முறையை பார்பரா கிட்சனம் 2004 இல் மருத்துவத் துறையிலிருந்து கொண்டுவந்து தந்ததும் பேருபகாரம்.

இனி, மதிப்பிடுவோரின் தராதரம். பிற விஞ்ஞானங்களில் சஞ்சிகைக்குள்ள கௌரவம் இத்துறையில் தேர்ந்த மாநாடுகளுக்கு உண்டு. அமெரிக்கக் கணிப்பொறி ஆராய்ச்சிச் சங்கம் 1999 இலேயே இதனை எழுத்தில் வைத்தது. ஆனால் மாநாட்டின் தீர்ப்பை வேதவாக்காகக் கொள்வதற்கில்லை. 2014 இல் நிப்ஸ் என்னும் இயந்திரக் கற்றல் மாநாட்டை நடத்திய கொரின்னா கார்ட்டெஸும் நீல் லாரன்ஸும் 166 கட்டுரைகளை இரு தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தனர். 43 கட்டுரைகளில் தீர்ப்பு மாறுபட்டது. ஒரு குழு ஏற்றவற்றுள் ஏறக்குறையப் பாதியை மற்றொன்று தள்ளியது. மாநாடு தன்னையே பரிசோதனைக்கு உட்படுத்திக்கொண்டு முடிவை மறைக்காமல் சொன்ன துணிவைப் பாராட்ட வேண்டும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் கோல்பெர்கும் புரோப்ஸ்டிங்கும் 601 கட்டுரைகளை எடுத்து, புரோகிராமை ஆதாரமாகக் கொண்ட 402 கட்டுரைகளுக்கு அந்தப் புரோகிராமைப் பெற்றுக் கட்டிப் பார்க்க முயன்றபோது, முப்பது நிமிஷத்துக்குள் கைகூடியவை மூன்றில் ஒரு பங்கே. மேலும் முயன்றும் பாதியை எட்டவில்லை. அவர்கள் பார்த்தது கட்ட முடிகிறதா என்பதை மட்டுமே. முடிவு சரியா என்பதை அன்று. 2011 இல் மென்பொருள் பொறியியல் மாநாடு ஒன்றில் தொடங்கி, கட்டுரையோடு புரோகிராமையும் தரவையும் ஒரு தனிக் குழு வாங்கிச் சோதிக்கும் வழக்கம் பரவி வருவது இதற்கு மருந்து. அக்குழுக்களில் பட்ட மேற்படிப்பு மாணாக்கரே பெரும்பங்கு அமர்த்தப்படுவதால், அது ஒரு நல்ல பாடசாலையும் ஆகிறது.

இவ்வளவையும் ஒருவன் எவ்வாறு கற்பான்? கட்டுரையை மூன்று சுற்றாகப் படிக்கும் முறையை கேசவ் என்னும் பேராசிரியர் 2007 இல் எழுதினார். முதற் சுற்றில் தலைப்பும் முன்னுரையும் முடிவும், இரண்டாவதில் படங்களும் வாதமும், மூன்றாவதில் அக்கட்டுரையை மனத்துக்குள் தானே மீண்டும் படைத்துப் பார்ப்பது. முதல் இரண்டும் பழகினால் வந்துவிடும். மூன்றாவதற்குக் கையும் சேர்ந்து உழைக்க வேண்டும். ஆகவே நம் பல்கலைக்கழகங்களின் முறையியல் பாடத்தில் எழுத்துத் தேர்வின் பாதி மதிப்பெண்களை நீக்கி, ஒவ்வொரு மாணாக்கனும் வெளியான ஒரு கட்டுரையின் ஒரே ஒரு பட்டியலை ஒரு பருவம் முழுதும் உழைத்து மறுபடி ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று ஏற்படுத்தலாம். தொடக்கத்திலேயே அவன் அக்கட்டுரையின் கூற்று எந்த நெறியைச் சார்ந்தது, எந்த அளவை அதைத் தாங்குகிறது, எந்த முடிவு வந்தால் அக்கூற்றைக் கைவிடுவான் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நெறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நாள்தோறும் எந்த யந்திரத்தில், எந்தப் பதிப்பில், எத்தனை ஓட்டங்கள் என்பதைக் குறிப்பேட்டில் தேதியிட்டுப் பதிய வேண்டும். பருவ முடிவில் எண்கள் ஒத்துவராமற் போனால், ஒத்துவராமைக்குத் தான் தேடிய காரணங்களையும், விலக்கிய காரணங்களையும் சிரத்தையோடு எழுதிக் கொடுத்தவனுக்கு, எண்கள் ஒத்துவந்தவனுக்குரிய முழு மதிப்பெண்ணையும் வழங்க வேண்டும்.