மாடிஸன் எழுதிய குறிப்புகள்

அரசியல் சட்டம் பிறந்த கதையைச் சொல்லும் புஸ்தகங்கள் பெரும்பாலும் தூக்க மருந்துகள். ஜேம்ஸ் மாடிஸன் எழுதி வைத்த பிலடெல்பியா மகாநாட்டுக் குறிப்புகளை மட்டும் நான் நாவல் படிப்பதுபோலப் படித்தேன். நாவல் என்று சொல்வதை வாசகர்கள் வெறும் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஒரு சந்தேகமும் கலந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மகாநாடு 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை நடந்தது. அமெரிக்காவின் பதின்மூன்று ராஜ்யங்களில் ரோட் ஐலண்ட் ஆள் அனுப்பவில்லை. மற்ற பன்னிரண்டிலிருந்தும் 55 பேர் வந்து கலந்துகொண்டார்கள். பேச்சு ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று விதி. காரியதரிசி தீர்மானங்களையும் ஓட்டுக்களையும் மட்டுமே பதிந்தார். யார் என்ன வாதாடினார், யார் கோபித்துக்கொண்டார் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது முக்கியமாக மாடிஸனால்தான். வர்ஜினியாக்காரர், வயது 36. தலைவருக்கு எதிரே முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்து, ஒரு நாள்கூடத் தவறாமல் குறிப்பெடுத்தார்.

பாத்திரங்களைக் காட்டுவதில் அவருக்கு நல்ல கை. ஜூன் 18-ந் தேதி அலெக்ஸாண்டர் ஹாமில்டன் நாள் முழுவதும் பேசுகிறார். நாட்டுத் தலைவரும் மேல்சபையாரும் ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கலாம் என்கிறார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் வேறு காரியத்தைப் பார்க்கிறார்கள். மேரிலாந்து லூதர் மார்ட்டின் இரண்டு நாள் பேசியதை மாடிஸன் கொஞ்ச இடத்தில் அடக்கிவிட்டு, வளவளவென்று ஆவேசமாகப் பேசினார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மார்ட்டின் எதிர்க்கட்சி வாதி என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் இந்தப் புஸ்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவை அடிமைகளைப் பற்றிய பக்கங்கள். ஜனத்தொகைக்குத் தக்கபடி பிரதிநிதிகள் என்று ஏற்பட்டவுடன் அடிமைகளைக் கணக்கில் சேர்ப்பதா என்ற கேள்வி வந்துவிட்டது. ஐந்து அடிமைகளுக்கு மூன்று பேர் என்று பேரம் முடிந்தது. ஆகஸ்டு 8-ல் பென்ஸில்வேனியாவின் கவர்னூர் மாரிஸ் எழுந்து, அவர்கள் மனிதர்களா, அப்படியானால் பிரஜைகளாக்கி ஓட்டுரிமை கொடுங்கள். சொத்தா, அப்படியானால் மற்றச் சொத்துக்களை ஏன் எண்ணவில்லை என்று மடக்குகிறார். ஆகஸ்டு 21-ல் தென் கரோலினாவின் ரட்லெட்ஜ், மதத்துக்கும் மனிதாபிமானத்துக்கும் இங்கே வேலையில்லை, லாப நஷ்டம் ஒன்றே கேள்வி என்கிறார். இவ்வளவு அப்பட்டமாகப் பேசும் வில்லனை நான் என் கதையில் வைத்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைசியில் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அடிமை என்ற சொல்லே அதில் கிடையாது. 'மற்ற நபர்கள்' என்றிருக்கிறது. 1808 வரை தடை செய்யக்கூடாத இறக்குமதியும் 'அத்தகைய நபர்கள்'தான். ஓடிப்போனவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதியிலும் அந்தச் சொல் இல்லை. சட்டத்தின் கடைசி வாசகத்தைச் செதுக்கிக் கொடுத்தவர் அதே கவர்னூர் மாரிஸ். சபையில் வாய்க்கு வாய் வழங்கிய சொல், காகிதத்துக்கு வரும்போது மறைந்துவிடுகிறது. மாடிஸனின் குறிப்புகள் இல்லாவிட்டால், வெட்கப்பட்டு மறைத்தார்கள் என்பதுகூட நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது.

இனி, நான் சொன்ன சந்தேகம். மாடிஸன் 1836-ல் இறந்த பிறகு, 1840-ல்தான் இந்தக் குறிப்புகள் அச்சாயின. இடையே ஐம்பது வருஷம் அவர் அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தார். மேரி ஸாரா பில்டர் என்ற அம்மையார் கையெழுத்துப் பிரதியையே ஆராய்ந்து 2015-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். ஆகஸ்டு 21-க்குப் பிந்திய பகுதியை மாடிஸன் ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்தே எழுதி முடித்தார் என்பது அவர் முடிவு. மனிதனில் சொத்துரிமை உண்டு என்ற எண்ணத்தைச் சட்டத்தில் ஏற்பது தவறு என்று மாடிஸன் சொன்னதாக வரும் பிரசித்தமான வாக்கியம் ஆகஸ்டு 25-ந் தேதிக் குறிப்பில் இருக்கிறது!

அதை அவர் சொல்லவேயில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் தானே கதாபாத்திரமாக வரும் கதையைத் தானே எழுதுகிறவனுக்கு என்ன ஆசைகள் வரும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். தன் வசனத்துக்குக் கொஞ்சம் மெருகு கொடுக்காமல் இருப்பது மிகக் கஷ்டம். மாடிஸன் சாகும்வரை அடிமைகளை வைத்திருந்தார். உயிலிலும் விடுதலை செய்யவில்லை. ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவரை எடைபோடுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். நன்றாக இருப்பது, அவர் எதிராளிகளின் வார்த்தைகளை எழுதியிருக்கும் பக்கங்கள்தான்.

முடிவும் அப்படியே. தலைவரின் நாற்காலியில் வரைந்திருந்த சூரியன் உதிக்கிற சூரியன்தான் என்று 81 வயது பிராங்க்ளின் சொல்வதோடு கூட்டம் கலைகிறது. நாடகத்துக்கு ஏற்ற திரை. எனக்கு அதைவிட, அதே செப்டம்பர் 17-ல் சற்று முன்னால் நடந்தது பிடிக்கிறது. நான்கு மாதமாக விவாதத்தில் வாய் திறக்காமல் தலைமை வகித்த வாஷிங்டன் அன்று எழுந்து ஒரே ஒரு திருத்தத்தை ஆதரிக்கிறார்: நாற்பதினாயிரம் பேருக்கு ஒரு பிரதிநிதி என்பதை முப்பதினாயிரம் ஆக்கலாம் என்று. எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். ஐந்து அடிமைகளுக்கு மூன்று பேர் என்ற கணக்கை அன்று யாரும் தொடவில்லை.